தினம் ஓர் ஆட்சேபம்

ஜூன் 3

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

இந்த வாரத்துக்கான ஏழு கேள்விகளும் பதில்களும் இத்துடன் இருக்கின்றன. எழுதியபடியே போடவும். ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், சேர்க்க வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைக்கு நான் அனுப்பியது வெள்ளி கிரகத்தைப் பற்றிய கேள்வி. காலையில் நம் 'ஒரு நாள் ஒரு கேள்வி' வாட்ஸ்அப் குழுவில் வந்தது வேறு. "துணையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டை விட்டுப் பறந்துபோகும் பறவை எது?" இதற்குப் பெயர் பொது அறிவா? சாயந்திரம் நீங்கள் போட்ட பதில் அதைவிட மோசம். குயிலாம். குயில் கூடே கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். கட்டாத கூட்டை விட்டு அது எப்படிப் பறக்கும்? எப்போதும் முந்திக்கொண்டு பதில் போடுகிறார் என்று நாம் 'முந்திரி' என்று பெயர் வைத்த பேக்கரிக்காரர்கூட அன்று முழித்துக்கொண்டு நின்றார். எட்டு வருடமாக நடத்துகிற குழு. பிழையான பதில் என்று ஒன்று போனதில்லை. நீங்கள் ஒரே நாளில் மானத்தை வாங்கிவிட்டீர்கள்.

என்னைக் குத்த வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். நூறு பேரை நடுவில் நிறுத்தாதீர்கள். நான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததும், நாம் பேசிக்கொள்ளாமல் இருப்பதும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் கேள்வியம்மா, நீங்கள் பதிலய்யா. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கேள்வி தயாரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஃபோன் வேண்டாம். பேசிய போதெல்லாம் கத்தலில்தான் முடிந்தது. மகள் சொன்னது சரி: "ரெண்டு பேரும் இனிமே எழுதிக்கோங்க. எழுதறப்போ கத்த முடியாது. நடுவுல தூது போக என்னால ஆகாது."

கிளம்புகிற அன்று வாசலில் நின்று நீங்கள் சொன்னபடிதான் செய்கிறேன். "போனா போ. கேள்வியை மட்டும் அனுப்பிடு." அனுப்பிவிட்டேன்.

ஜூன் 10

ஆய்வகத் தலைவி அவர்களுக்கு,

கேள்விகள் கிடைத்தன. எழுதியபடியே போடுகிறேன். குயில் விஷயத்தில் நான் செய்தது தப்புதான். குயிலுக்காக மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் சொன்ன ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறாய். அதற்கு முன்னால் நடந்ததை யார் எழுதுவது? நீ வேறு ஊர்க் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமை ஏற்கப் போகிறாய் என்பது எனக்கு யார் சொல்லித் தெரிந்தது? உன் ஆபீஸ் டிரைவர். வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வந்தவர், ஃப்ரேமை மூக்கில் மாட்டிப் பார்த்துக்கொண்டே, "அம்மா அடுத்த மாசம் போறாங்களாமே சார், நீங்களும் கடையை எடுத்துட்டுப் போறீங்களா?" என்கிறார். கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் "யோசிச்சிட்டிருக்கோம்" என்றேன். எனக்கு யோசிக்க என்ன மிச்சம் வைத்திருந்தாய்? அதற்கு முன்பே நீ சம்மதம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அன்று சாயந்திரம் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கங்காருக் குட்டி பிறக்கும்போது என்ன அளவு இருக்கும் என்று கேள்வி எழுதிக்கொண்டிருந்தாய்.

குழுவில் எல்லோரும் நலம். தையல்காரர் உன்னைத் தனியாக விசாரித்தார். உனக்கு ஜலதோஷம் என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயரில் ஒருமுறை இருமியும் காட்டினேன்.

இன்னொன்று. பதிலை யாராவது ஆட்சேபித்தால் நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்து, இருவர் பெயரிலும் தீர்ப்பு போட வேண்டும் என்று விதி வைத்தது நீ. இதுவரை வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். இப்போது ஒன்று வந்தால் தபாலில்தான் பஞ்சாயத்து செய்ய வேண்டியிருக்கும். வராமல் இருக்க வேண்டிக்கொள்.

ஜூன் 18

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

எனக்கு எதற்கு ஜலதோஷம்? வேறு நல்லதாக ஒன்றும் தோன்றவில்லையா? முந்திரி எனக்குத் தனியாக நாலு கைவைத்தியம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, தேறி வருவதாக எழுதி, எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது போல் ஆகிவிட்டது.

டிரைவர் உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படித் தெரிய வந்திருக்கக் கூடாது, அது சரி. ஆனால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "கடையை யார் பாக்கறது?" என்றிருப்பீர்கள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை அதைச் சொன்னீர்கள். அவள் கல்லூரி முடித்ததும் ஒருமுறை சொன்னீர்கள். இரண்டு முறையும் வந்த பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களிடம் கையெழுத்துக்குப் போய் நின்றேன். மூன்றாவது முறை, பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

ஒரு சங்கடம் நடந்துவிட்டது. நம் குழுவின் கணக்கு டீச்சர் இதே ஊர் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. நேற்று காய்கறிக் கடையில் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். போன வருடம் எல்லோரும் பூங்காவில் கூடியபோது பார்த்த முகம். என் கூடையை எட்டிப் பார்த்தார். இரண்டு தக்காளி, ஒரு கேரட். "என்ன மேடம், ஒரே ஆளுக்கா வாங்கறீங்க?" என்றார். கணக்கு டீச்சர் இல்லையா. நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அழுதுவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சொல்லிவிட்டேன்.

"சத்தியமா மேடம், என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய வராது," என்று கையைப் பிடித்துச் சொன்னார். நம்பலாம். வாய் கெட்டியான மனுஷி.

கேள்விகள் இத்துடன்.

ஜூன் 27

ஆய்வகத் தலைவிக்கு,

ஒரே வாரத்தில் மூன்று ஆட்சேபம். என்ன நடக்கிறது என்றே புரியவில்லை.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று பதில் போட்டோம். தையல்காரர், "யாராவது வெட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டு முறைப்படி ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறார். தாவரவியல்படி வாழைப்பழம் பெர்ரி வகை என்றதற்கு முந்திரி ஆட்சேபம். தான் கேக் மேல் வைப்பதுதான் பெர்ரி என்கிறார். நிலவுகள் அதிகம் உள்ள கோள் சனி என்றதற்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆட்சேபம். தன் மகனின் பழைய பாடப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார், அதில் வியாழன் என்று இருக்கிறதாம். இது ஒன்றிலாவது கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது.

நான் மட்டும் தீர்ப்பு சொல்லிப் பார்த்தேன். "கேள்வியம்மா என்ன சொல்றாங்க?" என்று மூன்று பேரும் பிடிவாதமாகக் கேட்கிறார்கள். கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் கிணுகிணு என்று அடிக்கிறது. எனக்கு ஆக்டோபஸைப் பார்க்கவே பிடிக்காது.

நீ எழுதியதையும் படித்தேன். இரண்டு முறை நீ பதவியை விட்டது உண்மை. இரண்டு முறையும் நான் "விடு" என்று சொல்லவில்லை. "கடையை யார் பாக்கறது?" என்று கேட்டேன். அது ஒரு கேள்வி. உட்கார்ந்து பேசியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். நீ அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். உலகத்துக்கே கேள்வி எழுதுகிறவளுக்கு வீட்டில் ஒருவன் கேட்டது கேள்வி என்று தெரியவில்லை.

தீர்ப்பைச் சீக்கிரம் அனுப்பு. என் தலை வலிக்கிறது.

ஜூலை 3

கண்ணாடிக் கடைக்காரருக்கு,

தீர்ப்புகள்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்தான். இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. வெட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தையல்காரரிடம் அனுமதி கேட்கவில்லை, அவ்வளவுதான். வாழைப்பழம் பெர்ரிதான், முந்திரியின் கேக் மேல் இருக்கும் ஸ்ட்ராபெர்ரிதான் பெர்ரி இல்லை. சனிக்குத்தான் நிலவு அதிகம், புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டுநரின் மகனுக்குப் புதுப் புத்தகம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இதைக் காலையில் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆய்வகத்தில் நேரமில்லை. வடக்குப் பக்கத் தொட்டித் தண்ணீரில் குளோரின் அளவு சரியில்லை என்று எழுதினால், அங்கிருக்கிற பொறியாளர் என் கருவி சரியில்லை என்று திருப்பி எழுதுகிறார். பகலெல்லாம் அவருடைய ஆட்சேபம். வீடு திரும்பினால் இவர்களுடைய ஆட்சேபம். இதற்கு நடுவில் உங்களுடையது.

நீங்கள் கேட்டது கேள்வி என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேய்க்கிற லென்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அது கேள்வியாகக் காதில் விழாது. கதவைச் சாத்துகிற சத்தம்தான் கேட்கும்.

தலைவலி எத்தனை நாளாக? பிழிந்து எடுக்கிற மாதிரியா, ஒரு பக்கமா? மருத்துவரைப் பாருங்கள். இதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

ஜூலை 11

தலைவலி சாதாரணத் தலைவலிதான். போய்விட்டது. ஆட்சேபம்தான் போகவில்லை.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் மனிதனுக்கு உள்ளது போலவே ஏழு எலும்பு என்று போட்டோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதையும் ஆட்சேபித்துவிட்டார். கழுத்தெலும்பு ஏழு என்று பயிற்சியில் படித்துத் தேர்வு எழுதிய ஆள். இரண்டு மாதம் முன்பு அவரே குழுவில் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்டால், "மனுஷனுக்கு ஏழு சார், அதோட கழுத்தை நான் எண்ணலையே" என்கிறார். நீ அனுப்பிய ஆக்டோபஸ் தீர்ப்பைத் தையல்காரர் மேல்முறையீடு செய்திருக்கிறார். மேல்முறையீடு என்று நம்மிடம் ஒரு விதியே கிடையாது. முந்திரி இப்போதெல்லாம் முதலில் பதில் போடுவதில்லை, முதலில் ஆட்சேபம் போடுகிறார். பதில் வருவதற்கு முன்பே.

நம்முடைய தரம் விழுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்கு நம் மேல் நம்பிக்கை போய்விட்டது. குயிலில் நான் ஆரம்பித்து வைத்தேன், அதன் பலன் இது. எட்டு வருடம் நன்றாக நடந்தது. அசிங்கப்பட்டு முடிவதைவிட நாமே முடித்துக்கொள்வது மேல். இந்த மாதக் கடைசியோடு குழுவை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். நீயும் வாராவாரம் இந்தச் சுமையைத் தூக்க வேண்டாம். கேள்வி அனுப்ப வேண்டிய கட்டாயம் இனி இல்லை.

உன் சம்மதம் வேண்டும். நான் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன்.

ஜூலை 18

மூடிவிடலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "தாராளமாக மூடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். கேள்வியை மட்டும் அனுப்பச் சொன்னீர்கள், இப்போது அதுவும் வேண்டாம் என்கிறீர்கள். பிறகு நமக்கு நடுவில் என்ன இருக்கிறது, மின்சாரக் கட்டண ரசீதா?

தபாலில் போடுவதற்கு முன் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். குழுவை மூடப்போகிறோம், முதலில் உங்களுக்குச் சொல்கிறேன் என்றேன். அவர் மேஜைமேல் திருத்தாத விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மேடம், தப்புப் பண்ணிட்டோம். மூடிடாதீங்க."

"பண்ணிட்டோம்னா? யார் யாரு?"

"எல்லாரும்தான்."

விஷயம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். நான் காய்கறிக் கடையில் அழுத அன்றே டீச்சர் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார், ஒருவரிடம் மட்டும் என்று. தையல்காரர் முந்திரியிடம், அவரும் ஒருவரிடம் மட்டும். இரண்டு நாளில் மொத்தக் குழுவுக்கும் தெரிந்துவிட்டது. நம் இருவரையும் விட்டுவிட்டு வேறொரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். அதில் யோசித்திருக்கிறார்கள். ஆட்சேபம் வந்தால் நாம் இருவரும் பேசித்தானே ஆக வேண்டும்? எனவே முறை வைத்துக்கொண்டு ஆட்சேபித்திருக்கிறார்கள். திங்கள் தையல்காரர், செவ்வாய் முந்திரி, புதன் ஆம்புலன்ஸ். ஒட்டகச்சிவிங்கியை ஆட்சேபிக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ஓட்டுநர் மறுத்தாராம். கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் பேச வைக்க எங்களுக்கு வேற வழி தெரியலை மேடம்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த விடைத்தாள்களையெல்லாம் எடுத்து வீசியிருப்பேன். நாம் மறைத்தோம் என்று நினைத்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. என் ஜலதோஷம் எதற்கு என்று தெரிந்துகொண்டே முந்திரி "உடம்பு எப்படி இருக்கும்மா" என்று கேட்டிருக்கிறார். நான் வெட்கமில்லாமல் "தேவலை" என்று பதில் போட்டிருக்கிறேன். நம் வீட்டு விஷயத்தில் தலையிட இவர்கள் யார்? நீங்கள் போய்க் கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள்.

ஜூலை 24

கேட்டேன்.

கடையை மதியமே சாத்திவிட்டு நேராகத் தையல்காரரிடம் போனேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய கோட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தார். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குஷனில் குத்திவிட்டு, "மூணு சார்," என்றார்.

"வெட்கமா இல்ல?"

"இல்ல சார். பேசாம இருந்திருந்தாத்தான் வெட்கமா இருந்திருக்கும்."

கத்தினேன். பக்கத்துப் பேக்கரியிலிருந்து முந்திரி மாவுக் கையோடு ஓடிவந்தார். அவரிடமும் கத்தினேன். எங்கள் வீட்டுச் சண்டையை வைத்து விளையாட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். கடைசியில் முந்திரிதான் மெதுவாகச் சொன்னார்: "அம்மா லெட்டர் வந்த அன்னைக்கு மட்டும்தான் சார் நீங்க ரொட்டி வாங்க வர்றீங்க. மத்த நாள்ல என்ன சாப்பிடறீங்கன்னே தெரியலை."

அதற்கு மேல் கத்த முடியவில்லை. கத்துவதற்கு வைத்திருந்ததில் பாதி இன்னும் என்னிடமே இருக்கிறது. எழுதிக் கத்த எனக்கு வராது. வருகிற சனிக்கிழமை கடைக்கு விடுமுறை எழுதித் தொங்கவிட்டுவிட்டு அங்கே வருகிறேன். மதியப் பேருந்து. தங்கலாமா என்று நீ சொல்லும் வரை பையைத் திறக்க மாட்டேன்.

வாசலில் நான் சொன்னதைப் பற்றி. "போகாதே" என்று சொல்லியிருந்தால் மூன்றாவது முறையும் நீ நின்றிருப்பாய், ஆயுசுக்கும் அதைச் சொல்லிக்காட்டியிருப்பாய். "போயிட்டு வா" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் வாயில் வந்தது அதுதான்.

ஆகஸ்ட் 5

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததைக் குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "பதிலய்யா பத்திரமா வந்துட்டார்" என்று தையல்காரர் போட்டிருக்கிறார். இனி இவர்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்றாகிவிட்டது, சரி. ஆனால் நம் பேருந்து நேரம்கூடவா?

வந்த இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டு அம்மா இன்று மாடிப்படியில் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் சமையலறையை உங்களை யார் அடுக்கச் சொன்னது? உப்பு எங்கே என்று மூன்று டப்பாக்களைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கையோடு கொண்டுவந்த லென்ஸ்களை மாட்டி, என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, "இப்போ பாரு, இப்போ பாரு, எது தெளிவு?" என்று படுத்திய பாடு போதும். இவ்வளவு நாளும் தப்பான பவர் கண்ணாடியில்தான் தண்ணீர் பார்த்திருக்கிறேன் என்றீர்கள். பொறியாளர் காதில் இது விழாமல் இருக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் நன்றி, நீங்கள் மாட்டிவிட்டுப் போன லென்ஸில் இப்போது அளவுகோலின் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

குழுவை மூட வேண்டாம். ஆதாரம் இல்லாத ஆட்சேபம் செல்லாது என்று ஒரு விதி சேருங்கள். இருவர் பெயரும் போடுங்கள்.

இன்று மேலதிகாரி அழைத்தார். இங்கே என் வேலை பிடித்திருக்கிறதாம். வருடக் கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பலாம், அல்லது இன்னும் இரண்டு வருடம் இங்கேயே நீட்டித்துத் தருகிறேன் என்றார். "எழுதிக் கொடுத்துடறீங்களா மேடம்?" என்று பேனாவையும் நீட்டிவிட்டார். எனக்கு நீட்டிக்க ஆசை. மறைக்கவில்லை, ஆசைதான். அந்த வடக்குத் தொட்டியை நான்தான் சரி செய்துவிட்டுப் போக வேண்டும்.

"வீட்டில கேட்டுட்டுச் சொல்றேன் சார்," என்றேன்.

"இதையெல்லாம் வீட்டில கேக்கணுமா மேடம், உங்க லெவல்ல?" என்று சிரித்தார். பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனவே கேட்கிறேன். நான் இன்னும் இரண்டு வருடம் இங்கே இருக்கட்டுமா? கடையை யார் பார்ப்பது, நீங்கள் வருவீர்களா, நான் வருவேனா, எல்லாம் இதில் சேர்த்தி. உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டம் என்ன என்பதுதான் இத்தனை வருடமாகத் தெரியவில்லை.